பதினேழாம் எண் கார் பெல்ட்டின் கோரிக்கை

பதினேழாம் எண் ரேஸ் காரின் சீட் பெல்ட் வேலைநிறுத்தத்தில் இறங்குவதற்கு முன் அதற்கு இழைக்கப்பட்ட அநீதிகள், நடந்த வரிசைப்படி இவை.

முதலாவது, வேலைக்குச் சேர்ந்த சித்திரையிலேயே, மூடாத காரில் இருபது நாள் வெயிலில் விடப்பட்டது. நீலம் சாம்பலாகிவிட்டது. இரண்டாவது, கிரீஸ் கறை போக வேண்டும் என்று பெட்ரோலால் துடைக்கப்பட்டது. வெந்நீரும் சோப்பும் பத்தடி தள்ளி இருந்தன. மூன்றாவது, இடது தோள்வார் சீட்டின் கூரான தகர விளிம்பில் உரசும்படி ஒரு பருவம் முழுவதும் மாட்டப்பட்டிருந்தது. நான்காவது, மூன்றாம் வளைவுச் சுவரில் கார் மோதியபோது ஓட்டுநரை இழுத்துப் பிடித்து, அதில் அரை அங்குலம் நீண்டுபோன பிறகும், மறு வாரமே மீண்டும் பூட்டப்பட்டது. ஐந்தாவது, ஐந்து வருட ஆயுள் முடிந்த அன்று, தேதி லேபிள் பிரிக்கப்பட்டு, வேறொரு இளைய பெல்ட்டின் லேபிள் அந்த இடத்தில் தைக்கப்பட்டது.

இவற்றை மனுவாக எழுதிக்கொடுத்தவர் மாசிலாமணி. கோவைக்கு வெளியே உள்ள அந்தப் பந்தயத் திடலில் பதினான்கு வருடங்களாகக் கார்களுக்கு பெல்ட் மாட்டுகிறார். அதற்கு முன் பஞ்சாலைச் சங்கத்தின் செயலாளர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் துண்டறிக்கைகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. அவரே இருபத்தாறு எழுதியிருக்கிறார். எதிலும் தப்பு செய்தவன் பெயர் விடுபட்டதில்லை. அவர் யாருக்காகச் சிறைக்குப் போனாரோ அவர்கள் வேலைநிறுத்தத்தை மீறி ஆலையின் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனதும், அந்தப் பெயர்களையும் அச்சடித்து ஒட்டினார்.

பெல்ட் கையெழுத்துப் போடாமல் மனுவைத் திருப்பிக் கொடுத்தது.

“முதல் நாலுக்கும் பேர் போட்டிருக்கீங்க, தோழர். அஞ்சாவதுல இல்லையே.”

“நிர்வாகம்னு போட்டுக்கலாம்.”

“நிர்வாகத்துக்கு விரல் ஏது? ஊசி புடிச்ச விரல் யாருதோ அந்தப் பேர் வேணும்.”

பெல்ட்டின் கோரிக்கைகள் இரண்டுதான். ஆயுள் முடிந்த பெல்ட்டை முறைப்படி இரண்டாக வெட்ட வேண்டும். இனி யாரும் அதை எந்தக் காரிலும் மாட்ட முடியாதபடி. தைத்தவன் தன் பெயரைத் தானே சாட்சிகள் முன் வாசிக்க வேண்டும். முதல் கோரிக்கையைக் கார் முதலாளி கோவர்த்தனன் உடனே ஏற்றுக்கொண்டு கத்தரிக்கோலோடு வந்து நின்றார். பந்தயம் மூன்று மணிக்கு. அப்போது இரண்டேகால்.

புதிய பெல்ட் அலமாரியில் பெட்டியோடு இருந்தது. பழையதன் வழக்கு தீராமல் புதியது பெட்டியை விட்டு வருவதில்லை. கோவர்த்தனன் கத்தரிக்கோலைப் பெட்டியின் ஒட்டுநாடாவில் வைத்து இழுத்தார். வெட்டுப்படவில்லை. கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“ஏனுங்கண்ணா, யாரு தெச்சதுன்னு நான் சொல்லட்டுங்களா?” என்று மாசிலாமணியைப் பார்த்தார்.

“சொல்லுங்க. தைக்கச் சொன்னது யாருன்னும் சேத்துச் சொல்லுங்க.”

“சொன்னவர் பேரு நாலு எடத்துல இருக்குது,” என்றது பெல்ட். “அஞ்சாவதா இன்னொரு தடவை எழுதிக்கலாம். நான் கேக்கறது செஞ்சவர.”

ஓட்டுநர் ஜோயல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காருக்குள் இறங்கினான். வேலைநிறுத்த நாட்களுக்கென்று திடலில் ஒரு படிவம் உண்டு. பெல்ட் இல்லாமல் ஓட்டுகிறேன், என் உடம்புக்கு நானே பொறுப்பு என்று அதில் இருக்கும். ஜோயல் அதை ஸ்டியரிங்கின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

“எறங்கு ஜோயல்,” என்றார் மாசிலாமணி.

“வருசத்துல கடைசி ரேஸுங்கண்ணா. நீங்க உங்க போராட்டத்தப் பாருங்க, நான் ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சுக்கறேன்.”

மூன்றாம் வளைவுச் சுவரில் மோதும்போது ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கு என்ன ஆகும் என்று மாசிலாமணிக்குத் தெரியும். கைக்குப் பின்னால் வருகிற நெஞ்சுக்கும்தான். அன்று பெல்ட் அரை அங்குலம் நீண்டிருந்ததை அளந்து பார்த்தவர் அவர்.

ஒரு வியாழக்கிழமை, மெழுகு தேய்த்த நூலால், லேபிளைச் சுற்றிப் பதினெட்டுத் தையல். கோவர்த்தனன் சொன்னார், அவர் செய்தார். துணி இன்னும் கெட்டிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின்வாசலில் நுழைந்தவர்களும் ஏதாவது ஒன்றைத் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டுதான் நுழைந்திருப்பார்கள். அதை எந்தத் துண்டறிக்கையிலும் அவர் எழுதியதில்லை.

இரண்டு ஐம்பதுக்கு மாசிலாமணி ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினார். கோவர்த்தனன் சாட்சியாக முன்னால் வந்தார். முதல் நான்கில் பெயர் உள்ளவர் சாட்சியாக முடியாது என்று பெல்ட் சொல்லிவிட்டது. ஜோயலுக்கு இதில் சொந்த லாபம் இருப்பதால் அவனும் ஆகாது. எனவே அந்தக் காரின் நான்கு டயர்களும் சாட்சியாக ஏற்கப்பட்டன.

மாசிலாமணி ஆலை வாசல் கூட்டத்தில் பேசும் குரலில் ஆரம்பித்தார். வெயில் என்று வாசித்தார். அலமாரியில் பெட்டியின் ஒரு பக்கத்து நாடா உரிந்தது. பெட்ரோல் என்றதும் இன்னொரு பக்கம். தகர விளிம்பு, மூன்றாம் வளைவு. நான்கு பக்கமும் உரிந்த பின் மூடி மட்டும் மூடியிருந்தது.

ஐந்தாவதில் அவர் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் வாசித்தார். ஜோயல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வலது முன் டயர் குறித்துக்கொண்டது. இடது முன் டயரும் வலது பின் டயரும் குறித்துக்கொண்டன. இடது பின் டயர், தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றும், தகப்பனார் பெயரோடு சேர்த்து வாசித்தால் நல்லது என்றும் சொன்னது.

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தைத்தவர்,” என்று திடல் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார், “பொன்னையா மகன் மாசிலாமணி.”