தண்ணீர் படாத கால்

கிள்ளையில் எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்தாலும் நடுவில் காத்தவராயன் பெயர் வந்துவிடும். "அந்த ஆட்டோக்காரரப் போயிப் பாரு, பொண்டாட்டிய எப்பிடித் தலையில வச்சுத் தாங்குறாருன்னு" என்று பெண்கள் எடுத்து வீசுவார்கள். திட்டு வாங்குவது அடுத்த வீட்டு ஆண்கள் என்பதால் காத்தவராயனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கிள்ளைக்கும் சிதம்பரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பேச்சு காதில் விழுந்தால், விழாதது போல ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டுப் போவார். உள்ளுக்குள் இனிக்கும். இனிக்காமல் இருக்க அவர் என்ன சாமியாரா?

அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. அவர் மனைவி மங்கலத்துக்கு இடது கால் யானைக்கால். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடவுக்குப் போனவள். நாற்று முடியைப் பிரித்துக்கொண்டு அவள் குனிந்தால், பக்கத்தில் நடுகிறவள் மூச்சு வாங்கிப் பின்தங்கிவிடுவாள். 2002ஆம் வருஷம் நடவு முடிந்த வாரத்தில் குளிர்காய்ச்சல் வந்து, தொடை இடுக்கில் நெறி கட்டி, கால் வீங்கியது. காய்ச்சல் போயிற்று, வீக்கம் போகவில்லை. அடுத்த மாதம் திரும்பவும் காய்ச்சல். ஒவ்வொன்றும் போகும்போது காலில் இன்னும் கொஞ்சம் கனத்தை விட்டுவிட்டுப் போனது.

"சேத்துத் தண்ணி காலுக்குள்ள எறங்கிடுச்சு" என்று ஊரில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த காத்தவராயன் அன்றைக்கே முடிவு கட்டினார். இனி இந்தக் காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது.

சொன்னால் சொன்னதுதான் மனுஷனுக்கு. அவள் குளிக்கப் போகும் முன்னால், யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையை அந்தக் காலில் மாட்டி, முழங்காலுக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். குளித்ததும் அவிழ்ப்பார். பழைய வேட்டித் துணியால் காலைத் துடைத்து, விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசுவார். சோறு பொங்குவதும் துணி துவைப்பதும் அவர்தான். மழை பிடித்துக்கொண்டால் சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறார், கூரை ஒழுகி அந்தக் காலில் பட்டுவிடுமே என்று. தன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்றைக்கும், ஈர வேட்டியோடு முதலில் போய் உட்கார்ந்தது மங்கலத்தின் காலடியில்தான். பிள்ளைகள் இல்லாத வீடு. ஆறு வருஷம், ஒரு நாள் தவறாமல் இப்படி நடந்தது.

அந்த ஆறு வருஷமும் மாதம் தவறாமல் காய்ச்சலும் வந்தது. மங்கலம் வெளியே போவதை நிறுத்தினாள். பிறகு, காலைப் பார்ப்பதையே நிறுத்தினாள். "என் கால்" என்று சொல்ல மாட்டாள். "அது இன்னிக்கு ஜாஸ்தி வலிக்குது மாமா" என்பாள், வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட வேண்டாத உறவுக்காரியைச் சொல்வது போல.

2008 ஆடி மாதம் ஒரு நாள் காலையில் சிதம்பரம் போகிற சவாரியில் பிரிசில்லா ஏறினாள். கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரி. சிதம்பரத்தில் யானைக்கால்காரர்களுக்கென்று நடக்கும் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். இன்ன வேலை என்று அவள் சொன்னதுதான் தாமதம், காத்தவராயன் தன் கதையை ஆரம்பித்துவிட்டார். சோறு, துணி, விளக்கெண்ணெய், மழைக்கு ஓடி வந்தது எல்லாம் வந்தது. கேட்டவர்கள் கண் கலங்குவதற்கென்று ஓர் இடம் வைத்திருந்தார். அந்த இடத்துக்கு வரும் முன்பே அவள் குறுக்கே கேட்டாள்.

"அவுங்க கால ஒரு நாளைக்கு எத்தன தடவ கழுவுறீங்கண்ணே?"

"கழுவறதா! ஆறு வருசமா ஒரு சொட்டுத் தண்ணி பட வுட்டதில்ல சிஸ்டர்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது, "நாளைக்கு அவுங்கள அழைச்சிட்டு வாங்கண்ணே. கண்டிப்பா வரணும்" என்றாள். தம்பதியாக நிற்கவைத்துப் பாராட்டப் போகிறாள் போல என்று காத்தவராயன் நினைத்துக்கொண்டார். மறுநாள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

கிளினிக்கில் பிரிசில்லா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மங்கலத்தின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதற்கே மங்கலம் பதறிப்போனாள். பிரிசில்லா விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல விலக்கினாள். இடுக்கில் எல்லாம் வெந்து வெளுத்துப் புண்ணாகிக் கிடந்தது.

"காய்ச்சல் இந்த வழியாத்தான் வருது. அழுக்கும் வேர்வையும் தங்கிப் புண்ணாவுது, அதுல கிருமி பூந்துடுது. சோப்புப் போட்டு ரெண்டு வேள கழுவி, இடுக்கெல்லாம் ஈரம் இல்லாமத் தொடச்சு, மருந்து போட்டா புண்ணு ஆறிடும். காய்ச்சல் கொறஞ்சா வீக்கமும் கொறயும். மொத்தமா மறையாது. ஆனா நீங்க பழையபடி நடப்பீங்க." பிரிசில்லா நிமிர்ந்தாள். "தண்ணி படக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

காத்தவராயன் மனதுக்குள் கணக்கு ஓடியது. ஆறு வருஷம் எழுபது காய்ச்சல். நடுங்கி நடுங்கி அவள் பாயில் சுருண்டு கிடந்தது ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. எல்லாம் தன் கையால் கட்டிய கட்டு. வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் மங்கலம் சொல்லிவிட்டாள்.

"ஊர்ல சொல்லிக்கிட்டாங்க சிஸ்டர். நானாத்தான் அப்பிடி வச்சுக்கிட்டேன். இவரு பாவம், நான் சொன்னத செஞ்சாரு."

பச்சைப் பொய். காத்தவராயன் தலையைக் குனிந்துகொண்டார். திருத்தவில்லை.

பிரிசில்லா ஒரு பேசினும் சொம்பில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தாள். காத்தவராயன் பழக்க தோஷத்தில் குனிந்து சொம்பை எடுக்கப் போனார்.

"நீங்க உக்காருங்கண்ணே. அவுங்களே கழுவட்டும்."

மங்கலம் சொம்பை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊற்றினாள். தண்ணீர் முழங்காலில் விழுந்து, மடிப்பு மடிப்பாக இறங்கி, விரல்களுக்குள் ஓடியது. கண்ணைத் திறந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு குனிந்து காலைப் பார்த்தாள். கையை வைத்துத் தடவினாள்.

"என் காலு சில்லுன்னு இருக்கு மாமா" என்றாள். சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதாள்.

அன்றிலிருந்து அந்தச் சொம்பை அவள் யாரிடமும் தரவில்லை. விடிந்ததும் ஒரு முறை, விளக்கு வைக்கும் முன் ஒரு முறை. விரலிடுக்கில் மெல்லிய துணியை விட்டு ஒற்றி எடுப்பதில் நாற்று முடியைப் பிரித்த அதே நிதானம். பிறகு காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு குதிகாலை ஆட்டுவாள். காத்தவராயன் துண்டோடு பக்கத்தில் நிற்பார். "நானே பாத்துக்கறேன், நீ போ மாமா" என்பாள். வேலை பறிபோன ஆள் மாதிரி மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டோவைத் துடைக்கப் போவார்.

முதல் மாதம் காய்ச்சல் வந்தது. இரண்டாவது மாதம் வரவில்லை. மூன்றாவது மாதமும் வராததும் மங்கலத்துக்குப் பயமாக இருந்தது, எங்கே மறந்துபோய் மொத்தமாக வரப் போகிறதோ என்று. அது வரவே இல்லை. கால் மெலிந்தது. மெலிந்தது என்றால் வலது காலைப் போல ஆகிவிடவில்லை. கிளினிக்கில் தைத்துக் கொடுத்த செருப்புக்குள் அடங்குகிற அளவுக்கு ஆனது. அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய்ச் சீயக்காய் வாங்கி வந்தாள். வீட்டில் சீயக்காய் இருந்தது. வாங்கப் போகவேண்டும் என்று இருந்தது, போனாள்.

அதற்கு மேல் அவளை நிறுத்த முடியவில்லை. தன்னைப் போலப் புடவைக் கொசுவத்துக்குள் காலை மறைத்துக்கொண்டு உள்ளறையில் கிடப்பவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத்தான் தெரியும். வீடு வீடாகப் போனாள். வாசலில் நின்று, வெட்கப்படாமல் புடவையை முழங்கால்வரை தூக்கிக் காலைக் காட்டினாள். "இது இதவிட ரெண்டு பங்கு இருந்துச்சு. உன்னுத காட்டு" என்பாள். ஒரு வருஷத்தில் கிள்ளையிலும் சுற்றிலும் பதினோரு கால்கள் வெளியே வந்தன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கொட்டகையில் கூடுவார்கள். பிரிசில்லா வருவாள். ஆனால் பாடம் நடத்துவது மங்கலம். பதினோரு பேசின், பதினோரு சொம்பு, சிரிப்பும் கும்மாளமும் ரோடுவரை கேட்கும். காத்தவராயன் ஆட்களை ஏற்றி வந்து இறக்கிவிட்டு, ஆட்டோவிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். வயலில் குனிந்து நாற்று நட்ட மங்கலத்தைவிட, பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிப் பேசும் இந்த மங்கலம் அவருக்குப் பெரியவளாகத் தெரிந்தாள். இத்தனை பேருக்கு முன்னாலும் அவள் அந்தப் பொய்யைத்தான் சொன்னாள். "நான் முட்டாத்தனமா தண்ணி படாம வச்சிருந்தேன்." ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டார்.

தானே புயல் அடித்து மூன்றாவது வாரம், 2012 தை மாதம். கொட்டகைக் கூரை பறந்துவிட்டதால் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கூட்டம் நடந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து உத்திராபதி என்பவன் தன் மனைவி பொன்னியை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். அவளுக்கு இருபத்துமூன்று வயதுக்கு மேல் இராது. வலது காலில் முழங்கால்வரை பிளாஸ்டிக் பை. மேலே கயிற்றுக் கட்டு.

காத்தவராயன் ஆட்டோவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முடிச்சு அவருக்குத் தெரியும்.

மங்கலம் பொன்னியைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் காலைக் காட்டிக் கழுவும் விதத்தைச் சொன்னாள். பொன்னி ஆசையோடு சொம்பைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

"அதெல்லாம் வாணாங்க. தண்ணி பட்டா காய்ச்சல் வந்துடும். மருந்து இருந்தா குடுங்க, போறோம்."

பிரிசில்லாவும் சொல்லிப் பார்த்தாள். உத்திராபதி மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். ஆனால் அசையவில்லை.

"ரெண்டு வருசமா நான்தான் பாத்துக்கறேன் சிஸ்டர். எங்கூர்ல எல்லாரும் காத்தவராயண்ணன் கதைய சொல்லுவாங்க. அவரு அந்தம்மா காலு நனையாம ஆறு வருசம் காப்பாத்துனாரு. அதனாலதான் இன்னிக்கு அவுங்க நடக்கறாங்க. நானும் அவர மாதிரிதான் செய்யறேன்." குனிந்து பொன்னியின் கையைப் பிடித்தான். "எந்திரி, போலாம்."

மங்கலம் ஆட்டோ பக்கம் ஒரு கணம் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இப்போதும் அவள் சொல்லப் போவதில்லை என்று காத்தவராயனுக்குப் புரிந்தது. பொன்னி எழுந்துகொண்டிருந்தாள். இவளுக்கும் ஆறு வருஷம் என்றால் இன்னும் நாலு வருஷம், மாதம் ஒரு காய்ச்சல்.

ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார். கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. உத்திராபதி கும்பிட்டான்.

"கும்புடாத தம்பி" என்றார். "எனக்கு அந்த யோக்கியத இல்ல. இவ காலுல பையக் கட்டுனது நான். இவ வாணான்னு எத்தன தடவ சொன்னா தெரியுமா? அரிக்குது மாமா, ஒரே ஒரு சொம்பு ஊத்திக்கறேன்னு அழுதா. நான் வுடல. மாசாமாசம் காய்ச்சலு வந்து இவ துடிச்சது என்னாலதான். இவ நடக்கறது நான் கட்டுனதால இல்ல, இவளே அவுத்துப் போட்டதால. நாலு வருசமா என் பேரக் காப்பாத்த இவ பொய் சொல்லிக்கிட்டு இருக்கா. நானும் வெக்கமில்லாம கேட்டுக்கிட்டு இருக்கேன்."

காத்தவராயன் பொன்னியின் காலடியில் உட்கார்ந்தார். முடிச்சின் எந்த முனையை இழுத்தால் அவிழும் என்று அவருக்குத்தானே தெரியும். விரல் வைத்துவிட்டு உத்திராபதியை நிமிர்ந்து பார்த்தார். உத்திராபதி பொன்னியைப் பார்த்தான். கடைசியில் அவனே மண்டியிட்டு, கயிற்றை இழுத்தான். மங்கலம் சொம்பைப் பொன்னியின் கையில் கொடுத்தாள்.

திரும்பும்போது எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு ஆட்டோவில் இரண்டு பேர்தான். கிள்ளை எல்லைக்குள் வந்ததும் காத்தவராயன் கேட்டார்.

"அன்னிக்கே ஏன் சொல்லல மங்கலம்? நான் பண்ணது தப்புதான?"

"தப்புதான். ஆனா ஒரு நாளு, ஒரே ஒரு நாளாவது நீ கட்ட மறந்திருக்கியா மாமா? உங்கப்பாவ எரிச்சிட்டு வந்து ஈரத்தோட என் காலுகிட்ட உக்காந்தியே. அத நான் யாருகிட்ட போயி தப்புன்னு சொல்றது?"

காத்தவராயனால் ஓட்ட முடியவில்லை. ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மங்கலம் வழக்கம் போலப் பேசினை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். சொம்பில் தண்ணீரை மொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். சொம்பை அவர் பக்கம் நீட்டினாள்.

"இன்னிக்கு ஒரு நாளு நீ கழுவி வுடு."

ஆறு வருஷம் கட்டிய கை, முதல் முறையாக அந்தக் காலுக்குத் தண்ணீர் ஊற்றியது. கொஞ்சம் தண்ணீர் பேசினுக்கு வெளியே சிந்தியது.

"பாத்து மாமா" என்றாள் மங்கலம், பாடம் நடத்தும் அதே குரலில். "வெரலிடுக்குல ஈரம் நிக்கக் கூடாது. நல்லா ஒத்தி எடு."