அவள் அறைத் தண்ணீர்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இரண்டு தொட்டிகளுக்கு நான்தான் பொறுப்பு. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க மருந்து குடித்தவர்களை மேலே தனியறையில் வைப்பார்கள். அந்த அறையின் கழிப்பறைத் தண்ணீர் நேராக ஊர்ச் சாக்கடைக்குப் போகக்கூடாது. என் தொட்டிக்கு வரும். ஒன்று நிரம்பினால் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பேன். மூடியதில் கதிரியக்கம் அடங்கும்வரை காத்திருந்து, அளந்து பார்த்துத்தான் வெளியே விடுவேன். வேலை கிடைத்த அன்று இதைச் சொன்னதும் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவனவன் பேங்க்குக்குக் காவல் இருக்கான். நீங்க எதுக்குக் காவல் இருக்கப்போறீங்க பாருங்க!"

கடைசியில் அதே நோயோடு அவளே அந்த அறைக்கு வந்தாள். நான் உள்ளே போக முடியாது. கழிப்பறையில் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும் என்பது அந்த அறையின் விதி. என் தலைக்கு மேல் குழாய் இரண்டு முறை இரையும். உடனே இன்டர்காம் அடிக்கும்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. மானத்த வாங்காம தூங்கு."

அவள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று தொட்டி நிரம்பியிருந்தது. மூடினேன். மருந்து கேட்கவில்லை, நோய் நுரையீரல்வரை போயிருந்தது. ஒரு மாதம்கூட இருக்கவில்லை அவள். துணிமணிகளை மச்சினி எடுத்துக்கொண்டு போனாள்.

வேலைக்குத் திரும்பியதும் தொட்டியை அளந்தேன். முன்பெல்லாம் எண் குறைந்தால் சந்தோஷப்படுவேன். இப்போது குறையக் குறைய அளக்கவே பிடிக்கவில்லை. அவளுடையது என்று உலகத்தில் இன்னும் அடங்காமல் இருந்தது அது ஒன்றுதான். கழிப்பறைத் தண்ணீர்தான், எனக்கும் தெரியும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எண் அனுமதித்த அளவுக்குக் கீழே வந்தது. நான் திறக்கவில்லை. அதற்குள் அடுத்த தொட்டியும் நிரம்பிவிட்டது. மேலேயிருந்து நர்ஸ் இன்டர்காமில் கூப்பிட்டாள்.

"அண்ணே, தொட்டி காலியாச்சா? புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு. குழந்தைய அம்மாகிட்ட விட்டுட்டு நேத்துலேர்ந்து உக்காந்திருக்கு. தொட்டியில இடம் இல்லாம மருந்து குடுக்க முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு."

"இன்னொரு தடவ அளந்துடறேம்மா."

"நேத்தும் இதத்தானே சொன்னீங்க?" பிறகு மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, அது அண்ணி இருந்தப்ப ரொம்பின தொட்டியா?"

இன்டர்காமை வைத்துவிட்டேன்.

மறுபடி அளந்தேன். இன்னும் குறைந்துதான் இருந்தது. வால்வைத் திருகினேன். வழக்கமாகத் தண்ணீர் வடியும் நேரத்தில் டீ குடிப்பேன். அன்று தொட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு, சத்தம் நிற்கும்வரை வாய்விட்டு அழுதேன். அங்கே யாரும் வரமாட்டார்கள்.

சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு மருந்து கொடுத்து அறையில் விட்டார்கள். குழாய் இரைந்தது. பிறகு இன்னொரு முறை. என்னை அறியாமல் இன்டர்காமை எடுத்துவிட்டேன்.

"யாருங்க?" பயந்த குரல்.

"கீழ தொட்டி பாக்கற ஆளும்மா."

"நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?"

"இல்லம்மா, சரியாத்தான் பண்ணினே," என்றேன். "கேட்டுச்சு. அதான்."