கணப்பில் துள்ளிய காய்

ஹாலோவீன் நாளின் வழக்கங்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒரு கள்ளன் தன் காரியத்துக்காகக் கிளப்பிவிட்டவை என்பதை உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்தவர், அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் ஃபின்டன் லாக்னேன். இந்த ஒன்றில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

ஊர் வழக்கங்களைக் கேட்டு எழுதி அனுப்பும்படி டப்ளினிலிருந்து அந்த வருஷம் ஒரு தடித்த நோட்டு வந்திருந்தது. மாஸ்டர் வழக்கத்தை ஒரு வரியில் எழுதுவார், அதன் பூர்வீகத்தை ஒரு பக்கத்துக்கு எழுதுவார். ஹாலோவீனுக்குப் பிறகு பிளாக்பெர்ரியைத் தொடக் கூடாது, பூக்கா என்ற பேய் அதில் துப்பியிருக்கும் என்பது வழக்கம். மிச்சப் பழத்தைத் தனியாளாகத் தின்ன நினைத்த எவனோ கட்டிவிட்ட கதை என்பது மாஸ்டரின் ஆராய்ச்சி. செத்தவர்களுக்கென்று ஒரு தட்டு உருளைக்கிழங்கு மசியலை மேஜையில் விட்டுவைப்பது? இரண்டாம் தட்டுக்கு ஆசைப்பட்ட மாமன் எவனோ ஒருவனின் வேலை. வைக்கோல் முகமூடி மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது? கடன் கொடுத்தவன் வீட்டிலேயே கைநீட்டிச் சாப்பிட வேறு என்ன வழி?

அப்படிப்பட்டவர் அன்று சாயங்காலம் தபாலாபீஸ் சபீனா ஹெஹிர் வீட்டுக் கணப்பின் முன்னால் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று ஆகஸ்டில் அவளிடம் கேட்டிருந்தார். ஹாலோவீன் அன்று பதில் சொல்கிறேன் என்றிருந்தாள். இன்னொரு முறை கேட்கும் தைரியம் அவருக்கு இந்தப் பிறவியில் வராது.

"முதல்ல காய் போடணும் மாஸ்டர்," என்றாள் சபீனா.

தட்டில் கெட்டி ஓடு மூடிய இரண்டு ஹேசல் காய்கள் இருந்தன. ஒன்று அவள், ஒன்று அவர். தணலில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். சேர்ந்து சாதுவாக எரிந்தால் சம்பந்தம் நிலைக்கும். ஒன்று துள்ளி ஓடினால் ஓடினதுதான்.

"தபாலாபீஸ் நடத்துற பொம்பள, இதையெல்லாமா நம்புற?"

"நம்பல. எங்கம்மா போட்டாங்க, நானும் போடறேன். காய்க்குத்தானே சுடப்போவுது, உங்களுக்கு என்ன வந்துது?"

"மாஸ்டருக்குப் பயம்டி," என்றான் அவள் அண்ணன் கோல்மன். கல்குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிறவன். "காய் ஓடுனா மானமும் கூடவே ஓடுமே!"

"பயமா, எனக்கா? காயில ஈரம் இருந்தா ஓட்டுக்குள்ள ஆவி அடைஞ்சு வெடிக்கும். இது விஞ்ஞானம்ப்பா. பூக்காவும் இல்ல, பூச்சாண்டியும் இல்ல."

கோல்மன் சிரித்தான். மாஸ்டர் வந்ததிலிருந்தே அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். தங்கை போய்விட்டால் இவனுக்கு யார் சோறு போடுவார்கள்? மாஸ்டர் மனதில் அது ஒரு குறிப்பாக விழுந்தது. தட்டை எடுத்து வந்து நீட்டியதும் இவன்தான். இன்னொரு குறிப்பு. சபீனா டர்னிப் கிழங்கைக் குடைந்து ஜன்னலில் வைத்திருந்த விளக்கின் திரியைத் தூண்டப் போனாள், கோல்மன் திராட்சை ரொட்டியை அறுக்கத் திரும்பினான். மாஸ்டர் தன் காயை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

அடியில் ஒரு பொடி ஓட்டை.

வெடி வைக்கிறவன் வீட்டில், காயில் ஓட்டை. உள்ளே என்ன அடைத்திருப்பான் என்று ஊகிக்க டப்ளின் நோட்டு தேவையில்லை. வழியில் பொறுக்கிய காய்கள் சில அவர் கோட்டுப் பையில் கிடந்தன. அதில் ஒன்றைத் தட்டில் வைத்தார். ஓட்டைக்காய் பைக்குள் போனது. சதியை முறியடித்தவரின் முகத்தோடு தொப்பியைத் தடவிக்கொண்டார்.

சபீனா வந்து இரண்டையும் தணலில் வைத்தாள், இரண்டு பெயரையும் சொன்னாள். அவள் காய் பொறுமையாகச் சிவந்தது. அவர் காய் உஸ்ஸென்றது, முனகியது, படாரென்று கிளம்பி மேஜையில் செத்தவர்களுக்கு வைத்திருந்த மசியலில் போய் விழுந்தது.

"போச்சு! எங்கப்பாவுக்கே பரிமாறிட்டாரு மாஸ்டர்!" என்றான் கோல்மன்.

சபீனா சிரிக்கவில்லை. "இது துள்ளவே முடியாதே. ரெண்டுலயும் நான்தானே குத்தூசியால குத்தி வச்சேன்."

"நீயா? எதுக்கு?"

"ஆவி அடைஞ்சா வெடிக்கும்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க? அது வெளிய போறதுக்குத்தான். எங்கம்மாவும் எங்கப்பா காயைக் குத்தித்தான் போட்டாங்க. ஓடிரக் கூடாதுன்னு நினைக்கிறவங்க குத்துவாங்க மாஸ்டர்."

"காலைலேர்ந்து உக்காந்து குத்திட்டிருந்தா. பின்ன எனக்குச் சிரிப்பு வராதா?" என்றான் கோல்மன்.

மாஸ்டர் தொப்பியைப் பார்த்துப் பேசினார். "நான் மாத்திட்டேன். ஓட்டையைப் பார்த்து... வெடிமருந்துன்னு நினைச்சேன்."

கோல்மன் ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தான்.

"ரெண்டு மாசம் யோசிச்சு ஒரு பதில் வச்சிருந்தேன்," என்றாள் சபீனா. "என் அண்ணன் உங்களுக்கு வெடி வைப்பான்னு நினைக்கிற ஆளுக்கு அதையே சொல்றதான்னு இப்ப யோசனையா இருக்கு."

கதவு தட்டப்பட்டது. வாசலில் முகமூடிக் கூட்டத்தின் கூச்சல். அவள் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள், கோல்மனும் பின்னால் போனான்.

கணப்பில் அவள் காய் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, வைத்த இடத்திலேயே, தனியாக.

மாஸ்டர் வாசலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மேஜையிலிருந்த செத்தவர்களின் தட்டைக்கூட ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு முழங்காலிட்டு, பையிலிருந்து ஓட்டைக்காயை எடுத்து, இடுக்கியால் அவள் காயோடு ஒட்டினாற்போல் வைத்தார். "ஃபின்டன் லாக்னேன்," என்று முணுமுணுத்தார். ஆள் மாறிவிடக் கூடாதே என்று அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

"அங்க என்ன பண்றீங்க மாஸ்டர்?" வாசலிலிருந்து சபீனாவின் குரல்.

"ஒண்ணுமில்ல. தணல் சரிஞ்சிருந்துது."

காய் அசையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மாஸ்டரும் அசையவில்லை.