கோணல் லேபிள்

கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கவசத்தைச் செவ்வந்தி கட்டில்மேல் விரித்து வைத்தாள். பனியில் சறுக்கி விளையாடுகிறவர்கள் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்வது. முதுகெலும்பு நெடுகத் தடித்த ஃபோம், இடுப்பில் இறுக்க ஒரு பட்டை. கோயமுத்தூரில் தைத்து ஏதோ குளிர்தேசத்துக்குப் போகிற சரக்கு. செக்கிங் டேபிளில் ஆறு வருஷமாக அதன் தையலை விரலால் தடவிப் பார்த்தவளுக்கு, அது தன் வீட்டுக் கட்டிலுக்கு வரும் என்று கனவிலும் தோன்றியதில்லை. இந்த ஒன்றுக்குக் கழுத்தருகே லேபிள் கோணல். அவளே பிடித்து ரிஜெக்டில் போட்டதுதான். விஷயம் கேள்விப்பட்ட சூப்பர்வைசர் யாஸ்மின், "புள்ளைக்கு எடுத்துட்டுப் போங்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

புள்ளை என்றால் நவ்யா. கல்லூரி என்.சி.சி.யிலிருந்து காஷ்மீரில் பதினைந்து நாள் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மறுநாள் காலையில் ரயில். வால்பாறைக் குளிருக்கே மூக்கொழுகுகிற பெண்ணுக்கு ஆசையைப் பாருங்கள்.

"ஹெல்மெட்டு மட்டுந்தாம்மா கட்டாயம். இது அவங்கவங்க இஷ்டம்னு சார் சொல்லிட்டாரு. ஆரும் கொண்டாரல. நான் மட்டும் ஆமையாட்டம் போய் நிக்கோணுமா?"

"ஜாக்கெட்டுக்குள்ள போட்டா ஆரு கண்ணுக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமல்ல? அப்பா என்ன பெல்ட்டு போட்டுட்டா மரம் ஏறுனாரு? உழுந்தாரு, சரி. பயந்துட்டு ஏறலியே."

செவ்வந்தி தலைகுனிந்தாள். தென்னை ஏறுகிற நஞ்சப்பன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அப்போது நவ்யா பள்ளி விடுதியில் இருந்தாள். பயமறியாத அப்பா என்று அவளாக ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள். தோழிகளிடம் சொல்லிப் பெருமைப்படுவாள். அதைக் கலைக்கச் செவ்வந்திக்கு மனசு வரவில்லை. கலைத்தால் அடியில் கிடப்பது தன் தப்பு என்பதும் அவளுக்குத் தெரியும். புருஷனும் போய், மிச்சமிருக்கிற ஒரே உயிரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் யாரிடம் போவது? ஆனால் இந்தப் பெண் வெறும் முதுகோடு மலையிலிருந்து சறுக்கப்போகிறது.

"உங்கப்பன் பெல்ட்டு போடுவாரு" என்றாள்.

நவ்யா நிமிர்ந்தாள்.

"தோப்புக்காரரு வாங்கிக் குடுத்த நாள்லருந்து போடாம ஏறுனதே இல்ல. வேர்வை நாத்தம் தாங்கலைன்னு, உழுறதுக்கு மொத நாளு சாயங்காலம் நான்தான் அதைச் சோப்புல ஊற வெச்சுத் தொவச்சுபோட்டேன். காலைல பாத்தா காயல. ஈரத்தோடயே மாட்டப் போனாரு. புடுங்கித் திருப்பியும் கொடியில போட்டேன். இடுப்பெல்லாம் புண்ணாயிரும், இன்னிக்கு ஒரு நாளு இல்லாம ஏறுங்கன்னேன். சரி அம்மணின்னு போனாரு."

அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கொடியில் அது நன்றாகக் காய்ந்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

நவ்யா அழவுமில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மூணு வருசமா ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

காலையில் கட்டில்மேல் கவசத்தைக் காணோம். பைக்குள் போயிற்றா, வேறெங்காவது வீசினாளா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. ஸ்டேஷனில் தோழிகளோடு சிரித்துப் பேசியவள் அம்மாவைப் பார்த்து, "வாரேன்" என்றதோடு சரி. அதற்கப்புறம் ஆறு நாளாக ஒரு போன் இல்லை. செவ்வந்தி கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

ஏழாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேலை நேரத்துக்குக் கம்பெனிப் பெட்டியில் போட்டுவைத்த போனை எடுத்தபோது நவ்யாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. கூடவே ஒரு வரி, ஒரு சொல் இல்லை. கண் கூசும் வெள்ளைப் பனியில் ஒரே மாதிரி ஆரஞ்சு ஜாக்கெட்டில் ஆறு பெண்கள். ஐந்து பேர் முகம் காட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டி நின்றாள். உள்ளே போட வேண்டிய கவசத்தை ஜாக்கெட்டுக்கு மேலே போட்டிருந்தாள். பட்டை இடுப்பைச் சுற்றி இறுக்கமாக இருந்தது. கழுத்தருகே லேபிள் கோணல்.

அவள் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. செவ்வந்தி படத்தைப் பெரிசாக்கினாள். சோற்று டப்பா மூடியபடியே இருந்தது. ஆட்காட்டி விரலை வைத்து அந்த லேபிளை நேராக்கப் பார்த்தாள். தொடத் தொட, படம் முழுவதும் விரலோடு நகர்ந்து நகர்ந்து போனது.