எல் இல்லாத கரை

டேஷ்போர்டுப் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள் செல்வராணி. டோல் அட்டை, அரை பாக்கெட் மிட்டாய், சுருட்டி வைத்த ஒரு துண்டு. மூக்குக்கண்ணாடியைக் காணோம். வீட்டுக்குள்ளே சவப்பெட்டியில் படுத்திருக்கும் அவள் கணவர் ரூபேந்திரனுக்கு அந்தக் கண்ணாடியை மாட்ட வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி இல்லாம வேற யாரோ மாதிரி இருக்காரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கும் அப்படித்தான் இருந்தது. பொறுக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டாள்.

கார், ஜொகூரில் பெர்மாஸ் ஜெயா வீட்டு வாசலிலேயே நின்றது. கூரையில் எல் போர்டு வைத்த பயிற்சிப் பள்ளிக் கார். நேற்றுக் காலை இதில்தான் அது நடந்தது. ஸ்டியரிங்கில் ஒரு கல்லூரிப் பெண். பக்கத்து சீட்டில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ரூபேந்திரன், மேட்டுச் சாலையில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்திருக்கிறார். பயிற்சிக் காரில் வாத்தியாரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அமுக்கிக் காரை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் சாய்ந்தாராம். அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல் இல்லை. எதையும் முறைப்படி செய்கிற மனிதர், சாவையும் முறைப்படி செய்துவிட்டுப் போய்விட்டார்.

செல்வராணி இப்போது உட்கார்ந்திருந்ததும் அதே இடதுபக்க சீட்தான். அவளை அறியாமலே வலது கால் போய் பிரேக்கின் மேல் நின்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் இது வீட்டுக் கார். தேசாரு கடற்கரைக்கு அவர் ஓட்டுவார். பிரேக்கோடு பக்கத்தில் இவள்.

"பயமா இருந்தா அமுக்கிக்க ராணி. ஒனக்குன்னே வச்சிருக்கான் பாரு" என்பார்.

இவளும் லேசுப்பட்டவள் இல்லை. வளைவுக்கு வளைவு அமுக்குவாள். கார் குலுங்கும், பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிப்பான், அவர் மூக்கில் இறங்கிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரிப்பார்.

அவர் பத்து பாகாட் என்ற ஊரில் பிறந்தவர். அந்தப் பக்கத்துக் கடல் சேறும் சகதியும்தான். அலை என்று ஒன்று எழுந்து அவர் பார்த்ததில்லை. நாற்பத்தாறு வயதில், லைசன்ஸ் எடுக்க வந்த தேசாருக்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாக இவரை அலைச்சறுக்குப் பலகையில் ஏற்றிவிட்டார். பிடித்துக்கொண்டது பைத்தியம். நவம்பரில் மழைக்காற்று தொடங்கி அலை எழும்பினால் போதும், காரின் கூரையில் எல் போர்டுக்குப் பக்கத்தில் பலகையும் ஏறிவிடும். எதிர் வீட்டு அம்மா அதை இஸ்திரி போடுகிற பலகை என்றே வெகுநாள் நினைத்திருந்தாள்.

செல்வராணி ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். கல்யாணம் ஆகும்வரை கடலைக் காலண்டரில் பார்த்ததோடு சரி. பத்து வருடமாக அவர் அலையில் விழுந்து எழுந்துகொண்டிருக்க, இவள் சவுக்கு மரத்தடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்து, அவர் தலை மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். கால்விரலைக்கூட நனைத்ததில்லை.

அவருக்கு பாலித் தீவுக்குப் போக வேண்டும். உலகத்தில் அலை பிடிக்கிறவன் எல்லாம் அங்கேதான் போகிறானாம். வருடா வருடம் கேட்பார். வருடா வருடம் இவளிடம் ஒரு காரணம் இருக்கும். மகள் ஷர்மினியின் பரீட்சை, அப்புறம் ஷர்மினியின் சிங்கப்பூர் வேலை, அப்புறம் இவளுடைய முட்டிவலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம்கூடக் கேட்டார்.

"ஏப்ரல்ல போலாமா ராணி? அங்க அப்பத்தான் சீசன் ஆரம்பிக்கும்."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்லா."

காய்கறி நறுக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். மறுநாள் காலையில் அவர் இல்லை.

கண்ணாடி சீட்டுக்கு அடியில் கிடந்தது. கூடவே அவருடைய பாட நோட்டும். எந்த மாணவருக்கு எந்த நாளில் என்ன பாடம் என்று எழுதி வைக்கும் நீல அட்டை நோட்டு. கீழே விழுந்ததில் கடைசிப் பக்கம் திறந்துகொண்டிருந்தது. அவர் கையால் வரைந்த பாலித் தீவு, கோழிக்குஞ்சு மாதிரி ஒரு வடிவம். கரையோரமெல்லாம் பெயர்கள்; பெயருக்குப் பக்கத்தில் எல், பி, முழு லைசன்ஸ். கற்றுக்கொள்கிறவன் எல், லைசன்ஸ் வாங்கிப் புதிதாக ஓட்டுகிறவன் பி. சாலைக்கு வைத்த கணக்கையே கடலுக்கும் வைத்திருந்தார் மனிதர்.

'உலுவாத்து. முழு லைசன்ஸ். பவளப்பாறை. எல் இல்ல.' மேலே ஒரு கோடு போட்டு அடித்திருந்தது.

'மெடேவி. பி. நீள அலை. கீழ கல்லு. எல் இல்ல.' அதற்கும் கோடு.

எல் இல்ல, எல் இல்ல என்று இன்னும் நாலைந்து. செல்வராணி நோட்டை மூடினாள். தன்னையே இன்னும் எல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பத்து வருடம் ஆகியும் தேறவில்லை. எப்படித் தேறுவார்? 'போதும், வெயில் ஏறுது, வாங்க' என்று கரையிலிருந்து கையைக் கையை ஆட்டிக் கூப்பிட்டவள் யார்?

உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிவிட்டாள். உடனே அவர் முகம் வந்துவிட்டது. யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாலி பாலின்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே, ஆசப்பட்டதப் பாக்காமலே போய்ட்டாரே" என்றாள். செல்வராணிக்கு அழுகை வரவில்லை. ஒரே எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. நான்தான் இந்த மனிதருக்குப் பிரேக்காக இருந்திருக்கிறேன்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். சவ வண்டிக்குப் பின்னால் பயிற்சிப் பள்ளிக் கார்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று கூட வேலை செய்த வாத்தியார்கள் எல்லாரும் பாடத்தை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். ஒன்பது எல் போர்டுகள், வரிசை கலையாமல், ஊர்ந்து ஊர்ந்து தெருமுனையில் திரும்பின. எல் போர்டைப் பார்த்தாலே எரிந்து விழுகிற ஜொகூர்க்காரர்கள் அன்றைக்கு ஒருத்தர்கூட ஹார்ன் அடிக்கவில்லை.

வீட்டைக் கழுவிவிட்டு, தலை குளித்துவிட்டு உட்கார்ந்தபோது ஷர்மினி மைலோ கலக்கிக்கொண்டு வந்தாள். செல்வராணி நோட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

"பாரு, ஒங்கப்பா கடைசி வரைக்கும் எல்தான். நான் ஒழுங்காப் பழக விட்டிருந்தா பாஸ் பண்ணிருப்பாரு."

ஷர்மினி கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். "அம்மா, அப்பா எல் இல்லம்மா. போன மழைக்கே பி ஆயிட்டேன்னு எனக்கு மெசேஜ் போட்டாரு. அந்தத் தேசாரு அங்கிள்தான் பாஸ் போட்டாராம். பெருமை தாங்கல அவருக்கு."

"அப்ப எல் யாரு?"

தீவின் மேற்குக் கரையில் அடிக்காமல் விட்டு, சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்த ஒரே பெயரின் மேல் விரலை வைத்து மகள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். பத்து போலோங். பத்து பாகாட்காரன் பத்து போலோங்கில் போய் நிற்கப்போகிறேன் என்று அவர் இரண்டு மூன்று தடவை சொல்லிச் சிரித்தது செல்வராணிக்கு நினைவு வந்தது. மலாயில் பத்து என்றால் கல்; கல்லிலே பிறந்து கல்லிலேயே முடியப்போகிறீர்களா என்று இவளும் பதிலுக்குக் கிண்டல் செய்திருந்தாள். வட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தது.

'பி, எல் ரெண்டும் ஒரே கரையில. எல்லுக்கு வெள்ளை நொரத் தண்ணி மட்டும், உடையாத பச்ச அலை வேணாம். முட்டி வரைக்கும் போதும். பயப்படுவா. கைய விடக்கூடாது.'

பயப்படுவா. செல்வராணி அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல் இல்லாத கரையையெல்லாம் அடித்துவிட்டு, எல் இருக்கிற கரையாகப் பார்த்துப் பார்த்துத் தேடியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாவி மனுஷன். சொல்லியிருந்தாலும் அடுத்த வருஷம் என்றுதான் சொல்லியிருப்பாள். அது அவளுக்கும் தெரியும். அப்போதுதான் அழுகை வந்தது. மைலோ ஆறிப்போகும்வரை அழுதாள்.

மறுநாள் காலை சுடுகாட்டிலிருந்து சாம்பலை வாங்கிக்கொண்டு ரூபேந்திரனின் அண்ணன் மகேஸ்வரன் வந்தார்.

"பக்கத்துலயே படகுக்குச் சொல்லிட்டேன்மா. நான் போயிட்டு வந்துர்றேன்."

"தேசாருவுக்குப் போலாம் மாமா. நானும் வரேன்."

"பொம்பளைங்க வர்ற வழக்கம் இல்லையேம்மா. அதோட இப்ப மழக்காத்து. அங்க அலை பெரிசா இருக்குமே."

"அலை இருந்தாத்தான் மாமா அவரு போவாரு."

மகேஸ்வரன் தம்பியின் செருப்பு கிடந்த மூலையைப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார்.

ஷர்மினிதான் ஓட்டினாள். மகேஸ்வரன் மடியில் கலசத்தோடு பின்சீட்டில். செல்வராணி அவளுடைய இடத்தில். அப்பாவிடம் பழகிய பெண்ணானாலும் சிங்கப்பூர் வேகம் அவளுக்கு. வளைவுகளில் கார் சாய்ந்து சாய்ந்து போனது. மகேஸ்வரன் "மெதுவாம்மா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். செல்வராணி செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டுக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டாள். தேசாரு வரும்வரை அங்கேயே வைத்திருந்தாள்.

கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தது. வானம் மூடிக்கிடந்தது. தூரத்தில் பச்சையாக எழும்பி வந்த அலைகள் பாதியில் உடைந்து, கரைக்கு வரும்போது வெறும் வெள்ளை நுரையாக ஓடி வந்தன. மகேஸ்வரனும் ஷர்மினியும் முட்டியளவு தண்ணீரில் நின்று கலசத்தைக் கவிழ்த்தார்கள். சாம்பல் ஒரு கணம் நுரையின்மேல் சாம்பலாகவே தெரிந்தது. அடுத்த அலை வந்து எடுத்துக்கொண்டது. மகேஸ்வரன் முகத்தைத் துண்டால் மூடியபடி, திரும்பிப் பார்க்காமல் கரையேறினார்.

செல்வராணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சவுக்கு மரத்தடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அம்மா, எங்க வர்ற? இரு, நான் புடிச்சிக்கிறேன்."

"வேணாம்மா. முட்டி வரைக்கும்தான்."

தண்ணீர் அவள் நினைத்த அளவுக்குக் குளிரவில்லை. கணுக்கால், கெண்டைக்கால், முட்டி. அங்கேயே நின்றாள். இடது கையை உடம்பை ஒட்டி வைக்காமல், ஒருவர் பிடித்துக்கொள்கிற மாதிரி கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தாள். எதிரே ஒரு வெள்ளை அலை இரைந்துகொண்டு வந்தது. பயத்தில் வலது கால் பழக்கப்படி ஓங்கி அமுக்கியது.

கீழே மணல்தான் இருந்தது. அலை திரும்பும்போது அது காலடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.