மாப்பிள்ளை பக்கத்தில் நின்றபோது

கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவளை எல்லோரும் மெஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒருநாள் ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தபோது கட்டைவிரலில் ஊசி இறங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். விரல் வீங்கிச் சீழ் கோத்துக்கொண்டது.

கணவன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். மகளும் மாப்பிள்ளையும் அதே வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். மாப்பிள்ளைதான் பைக்கில் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான்.

விரலைக் கீறிச் சீழை எடுத்த டாக்டரம்மா, மாத்திரை எழுதும் முன் கேட்டார். "குழந்தை எதுவும் உண்டாகியிருக்கா? இந்த மாத்திரை மாசமா இருக்கறவங்களுக்கு ஆகாது, அதான் கேக்கறேன்."

மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றான்.

"நல்லா கேட்டீங்க போங்க! என் பொண்ணுதான் மாசமா இருக்கா" என்று சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தான்.

அவளுக்கும் நாள் தள்ளிப்போயிருந்தது. போன வாரம் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு சோதித்துப் பார்த்ததில் இரண்டு கோடு விழுந்தது. கணவனிடம் சொன்னபோது தலையைச் சொறிந்துகொண்டே, "சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க?" என்றான். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் மாத்திரையும் தண்ணீர் டம்ளருமாக வந்து நின்றாள். அம்மா முழுங்கும்வரை நகர்வதாக இல்லை. முதல் நாள் முழுங்கினாள். பிறகு டாக்டரம்மா சொன்னதை நினைத்துப் பயந்தாள். மறுநாளிலிருந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, மகள் திரும்பியதும் தொட்டியில் துப்பினாள். விரல் மறுபடி விண்விண்ணென்று தெறித்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு மாத்திரை கொடுத்திருப்பார். அந்த ஒரு வார்த்தையைத்தான் மாப்பிள்ளை முன்னால் சொல்ல முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் இருமிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "தொண்டை ஒரே கரகரப்பும்மா. உன் மாத்திரைல ஒண்ணு போட்டுக்கறேன்" என்று அட்டையைப் பிதுக்கி, வாயருகே கொண்டுபோனாள்.

அவள் பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள். "அறிவிருக்கா உனக்கு? மாசமா இருக்கறவ அதைச் சாப்பிடக் கூடாதுடி!"

சொன்னதும் உடம்பு கூசியது. மகள் பிள்ளைக்கென்றால் வாய் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது. தன் பிள்ளைக்கு? அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"நான்தான் சாப்பிடலையே. எதுக்கும்மா அழற?"

"நான் சாப்பிட்டேன்டி."

மகளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு போய் ஆட்டோ பிடித்து வந்தாள்.

டாக்டரம்மாவிடம், துப்பியது உட்பட எல்லாவற்றையும் தலை நிமிராமல் சொல்லி முடித்தாள்.

"அன்னைக்கு மாப்பிள்ளையை வெளிய அனுப்பிட்டு நான் கேட்டிருக்கணும். அது என் தப்பு" என்றார் டாக்டரம்மா. "முழுங்கின ஒண்ணு ரெண்டால பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா பிரசவம் பாக்கற டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. சீழும் காய்ச்சலும் முத்தினாலும் வயித்துல இருக்கறதுக்கு ஆபத்துதான். இப்ப எழுதறது கர்ப்பத்துலயும் சாப்பிடற மாத்திரை. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நடுவுல நிறுத்தாதீங்க." மகளின் தொண்டையையும் பார்த்தார். "உனக்கு வெறும் சளிதான். உப்புத் தண்ணில கொப்பளி. அடுத்தவங்க மாத்திரைல கை வைக்காதே."

வெளியே மாப்பிள்ளை காத்திருந்தான். மகள் போனில் சொல்லியிருப்பாள் போலிருந்தது. "வாங்க அத்தை" என்றவன், படியைப் பார்த்து, "மெதுவா" என்று சேர்த்துக்கொண்டான். அந்த 'மெதுவா'வில் அவளுக்குக் காது மடல்கள் எரிந்தன.

மாத்திரை தீருவதற்குள் விரல் ஆறிவிட்டது. அடுத்த மாதம் பிரசவ ஆஸ்பத்திரியில் அம்மாவும் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "ரெண்டு பேர்ல யாருக்கும்மா பாக்கணும்?" என்று நர்ஸ் உரக்கக் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும்" என்றாள் மகள்.

பெஞ்சே திரும்பிப் பார்த்தது. தரை தன்னை முழுங்கிவிடாதா என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் உள்ளே போனதும், டாக்டர் கேட்கும் முன்பே, மேஜையைப் பார்த்தபடி மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஸ்கேனில் பிள்ளையின் நெஞ்சு துடிப்பதைக் காட்டினார்கள். கண் நிறைந்தது.

கணவன் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, லாரி டயரைச் சோதிப்பதுபோல் குனிந்துகொண்டே நின்றான். மகள்தான் போய் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.