முப்பது மைக்ரான் கனம்

மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வந்துவிட்ட கல் பொய் சொல்லாது என்று கல்லக்கா வெகுகாலமாக நம்பிவந்தாள். மனுஷர்கள் சொல்வார்கள். மேலதிகாரிகள் காபி குடித்துக்கொண்டே சொல்வார்கள். கல்லுக்கு அந்தத் திறமை கிடையாது. அப்படிப்பட்ட கல் ஒன்று அன்று காலையிலிருந்து அவளிடம் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கல்லக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். பூமியில் துளை போட்டு எடுத்து அனுப்பும் பாறைகளில் என்னென்ன கனிமம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பாறையை அப்படியே கையில் வைத்துப் பார்த்தால் கறுப்பாக, உம்மென்று இருக்கும். அதை ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குச் சீவித் தேய்த்து, இரண்டு வடிகட்டிகளுக்கு நடுவே வைத்துத் திருப்பினால்தான் வாயைத் திறக்கும். அப்போது ஒவ்வொரு கனிமமும் தனக்கென்று ஒரு நிறம் காட்டும்.

தேய்த்துக் கொடுப்பவர் அவள் கணவர். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தண்ணீர் சொட்டும் ஓர் அறையில், சுழலும் தட்டுக்கு முன்னால் நிற்பார். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் மைக்ரான். ஸ்லைடில் ஒட்டிய கல் முப்பது மைக்ரான் கனம் இருக்க வேண்டும், தலைமுடியில் பாதிகூட வராது. மற்ற இடங்களில் கருவி வைத்து அளப்பார்கள். இவர் கண்ணாலேயே பிடித்துவிடுவார். அவருக்கு அளவுகோல் குவார்ட்ஸ். சரியான கனத்தில் அது பால்வெள்ளையாகத் தெரியும். கனம் கூடியிருந்தால் மஞ்சள் தட்டும், குறைந்துபோனால் சாம்பலாகும். மஞ்சள் போகிறவரை தேய்ப்பார், வெள்ளை வந்ததும் கையை எடுத்துவிடுவார். குவார்ட்ஸே இல்லாத பாறையாக இருந்தால் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு குவார்ட்ஸ் துணுக்கைச் சாட்சிக்கு ஒட்டிக்கொள்வார். வேலை முடிந்ததும் அதைச் சுரண்டி எறிந்துவிட்டு ஸ்லைடை மட்டும் மாடிக்கு அனுப்புவார். சாட்சியைக் கல்லக்கா பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கட்டின புருஷனை அளந்து பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

இப்போது வம்பு பைராக்சின் என்கிற கனிமத்தில். அதன் வம்சம் பெரியது. ஒரு சிலிக்கான், அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்: இந்த ஒரே கூட்டை வைத்துக்கொண்டுதான் நம் காலடிப் பாறையில் பெரும்பகுதி கட்டப்பட்டிருக்கிறது. ஆலிவின் என்ற கனிமத்தில் ஒவ்வொரு கூடும் தனிக்குடித்தனம். குவார்ட்ஸ் கூட்டுக்குடும்பம், எல்லாரும் எல்லாரோடும் கைகோத்திருப்பதால் யாரையும் சுலபமாகப் பிரிக்க முடியாது. பைராக்சினில் கூடுகள் சங்கிலியாக நிற்கும். சங்கிலிகளுக்கு நடுவே வந்து உட்காருவது யார் என்பதில்தான் தகராறு. கால்சியம் வந்து உட்கார்ந்தால் நீலமும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும். கால்சியம் இல்லாத வகை மங்கலான மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளும். அடையாளம் இன்னொன்றும் உண்டு. ஸ்லைடைத் திருப்பும்போது கனிமம் ஓரிடத்தில் இருண்டு அணையும். கால்சியம் வகை சாய்வாக அணையும், மற்றது நேராக அணையும்.

அவள் முன்னால் இருந்தது மஞ்சளாகத் தெரிந்தது, சாய்வாக அணைந்தது.

போன தடவையும் இப்படித்தான். மனசை ஒருவழியாகத் தேற்றிக்கொண்டு, நிறத்தை நம்பி, கால்சியம் இல்லாத வகை என்று எழுதி அனுப்பினாள். மறுநாளே ரசாயனக் கூடத்து ஆள் மாடியேறி வந்தான். அவனுக்குச் சதவீதம் என்று பெயர். கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சதவீதத்தில் படிப்பான் என்பார்கள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க கால்சியமே இல்லேங்கிறீங்க. என் மெஷின் பதினொரு சதவீதம்னு அடிச்சுச் சொல்லுது."

"உன் மெஷினைத் தொடச்சிட்டு இன்னொரு தடவை போடுப்பா."

"மூணு தடவை போட்டாச்சு. அதான் சந்தேகம்... நீங்க வேற கல்லைப் பாத்து எழுதிட்டீங்களோ? மறந்து?"

மறந்து என்ற அந்த ஒரு வார்த்தை போதும். கல்லக்காவுக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அவளுடைய அம்மாவுக்கு இந்த வயதில்தான் ஆரம்பித்தது. முதலில் சோப்பை ஃபிரிட்ஜில் வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். பிறகு வந்த வழி தெரியாமல் தெருமுனையில் நின்றாள். கடைசியில் ஒருநாள், பெற்ற மகளைப் பார்த்து, "நீங்க எந்த வீட்டுப் பொண்ணு? உக்காருங்க, என் பொண்ணு வந்துடுவா" என்று மரியாதையாகச் சொன்னாள். அந்த 'ங்க' இன்னும் கல்லக்காவின் காதில் இருக்கிறது. அம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வீட்டிலும் சில மாதங்களாக ஒன்றும் சரியில்லை. சர்க்கரை டப்பாவில் உப்பு இருந்தது. டீயை வாயில் வைத்துவிட்டு மைக்ரான் முகத்தைச் சுளித்தார். "நீதான் மாத்திக் கொட்டியிருப்பே" என்றார். அவளுக்குக் கொட்டிய ஞாபகம் இல்லை, கொட்டாத ஞாபகமும் இல்லை. கறுப்புச் சாக்ஸோடு நீலச் சாக்ஸ் ஜோடி சேர்ந்து அலமாரியில் இருந்தது. வெளியே போய்விட்டுத் திரும்பிய ஒரு விடுமுறை நாளில் வீடு முழுக்கப் புகை. பட்டப்பகலில் அடுப்பு சின்னத் தீயில் எரிந்துகொண்டிருந்தது, பால் பாத்திரம் கரியாகியிருந்தது. "கேஸை நிறுத்தாம வந்துட்டியே" என்றார் அவர். தான் பாலை வைத்ததுவரை அவளுக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு வெறும் இருட்டு. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள், அம்மா போன பாதையில்தான் தானும் கால் வைத்துவிட்டதாக. இனி எத்தனை நாளைக்குத் தன் புத்தி தன்னிடம் இருக்கும், எப்போது தன் புருஷனைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்கப் போகிறோம் என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. அதைச் சொல்ல மைக்ரோஸ்கோப் கிடையாது.

அதனால்தான் அன்று காலை அந்த மஞ்சளைப் பார்த்ததும் கல்லைச் சந்தேகப்படாமல் தன்னைச் சந்தேகப்பட்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள். வடிகட்டியைக் கழற்றி மாட்டினாள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. சரி, கால்சியம் வகையின் நிறம்தான் தனக்கு மறந்துபோய்விட்டதோ? நீலம் என்று நினைப்பது கற்பனையோ? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிகிற சங்கதி அது. அதையே சந்தேகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டதே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று பழைய அலமாரியைத் திறந்தாள். பக்கத்துத் துளையில், இதே பாறைப் படுகையில், முன்னொரு காலத்தில் எடுத்த ஸ்லைடு ஒன்று கிடைத்தது. தூசியை ஊதிவிட்டு வைத்துத் திருப்பினாள்.

நீலம். பச்சை. நடுநடுவே ஆலிவினின் ரோஜா. கோயில் கோபுரத்துக்கு வண்ணம் அடித்தவன் போலக் கல் தன்னைக் காட்டியது.

கல்லக்கா நாற்காலியில் சாய்ந்தாள். கல் அதே கல், கண் அதே கண், நேரமும் அதே நேரம். மறதி வந்தவளுக்குப் பழைய ஸ்லைடில் மட்டும் நிறம் எப்படித் தெரியும்? புதிய ஸ்லைடை மறுபடி வைத்தாள். இப்போது பைராக்சினை விட்டுவிட்டு ஆலிவினைப் பார்த்தாள். ரோஜாவாக மின்ன வேண்டியது, ஏதோ பழைய துணிபோல, மங்கின சிவப்பில் கிடந்தது. ஆக, ஒரு கனிமம் இல்லை, எல்லாக் கனிமங்களும் நிறத்தில் ஒரு படி இறங்கி நின்றன. எல்லாம் சேர்ந்தாற்போல இறங்க ஒரே காரணம்தான் உண்டு. கனம். ஸ்லைடு பாதிக்குப் பாதி மெலிந்துபோயிருக்கிறது.

ஆனால் அப்படி இருக்கமுடியாதே. தேய்த்தது மைக்ரான் அல்லவா? மறுபடியும் குழப்பம் தொற்றிக்கொள்ள, அவள் படியிறங்கிக் கீழே போனாள்.

அவர் தட்டுக்கு முன்னால் குனிந்து நின்றார். பக்கத்திலிருந்த சின்ன மைக்ரோஸ்கோப்பில் பாதி தேய்த்த ஸ்லைடு ஒன்று இருந்தது.

"என்னம்மா இந்த நேரத்துல?"

"சும்மாதான். இது முடிஞ்சுதா?"

"எங்க முடிஞ்சுது? சாட்சி இன்னும் மஞ்சளாவே இருக்கு பாரு. இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்."

அவள் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த குவார்ட்ஸ் துணுக்கு அப்போதுதான் கறந்த பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. மஞ்சளின் வாடைகூட இல்லை. முதலில் அவளுக்குத் தன் கண்ணில்தான் கோளாறோ என்று தோன்றியது, பழக்கதோஷம். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க போட்டிருக்கிற சட்டை என்ன நிறம்?"

"இதென்ன கேள்வி? கறுப்பு."

அது நல்ல கருநீலம். அவள் வாங்கிக்கொடுத்த சட்டைதான்.

அவள் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளிச்சத்தில் அவருடைய கண்மணிக்குள் பழுப்பாக ஒரு மங்கல் தெரிந்தது. புரை. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகம், ஆனால் இப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. உலகத்து வெள்ளையெல்லாம் இவருக்கு மஞ்சளாகிவிட்டது. நீலமெல்லாம் இருண்டுபோய்விட்டது. மஞ்சள் போகட்டும் போகட்டும் என்று தேய்த்து, கல்லின் நிறத்தையே கழுவி ஊற்றியிருக்கிறார்.

"நானில்லே!" என்று கல்லக்கா சத்தமாகச் சொன்னாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்னங்க, நானில்லே! என் புத்தி சரியாத்தான் இருக்கு!" சந்தோஷமென்றால் அப்படியொரு சந்தோஷம். எதிரே நிற்பவருக்குக் கண் மங்குகிறது என்பதுகூட ஒரு கணம் அவளுக்கு உறைக்கவில்லை. உறைத்ததும் வெட்கமாகப் போயிற்று. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க. புரைதான். சின்ன ஆபரேஷன். பளிச்சுனு ஆயிடும்."

அவர் சந்தோஷப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தட்டில் சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குனிவு அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் மெல்ல மெல்லப் புரியத் தொடங்கியது. பட்டப்பகலில் சின்னதாக எரியும் கேஸ் தீ என்ன நிறம்?

"அன்னிக்கு அடுப்பை நிறுத்தினது யாரு?"

"நான்தான். நிறுத்திட்டேன்னுதான் நெனச்சேன். தீயே தெரியலம்மா."

"சரி, அப்போ தெரியல. திரும்பி வந்து பாத்தப்போ?"

அவர் மற்றக் கையால் மேஜைமேல் சிந்தியிருந்த தண்ணீரை வழித்தார்.

"கேக்கிறேன்ல. பாத்திரம் கரியானப்புறம் தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் என்னைச் சொன்னீங்க."

"கண்ணு போகுதுன்னு தெரிஞ்சா இந்த மெஷின்கிட்ட நிக்க விடமாட்டாங்கம்மா. இதை விட்டா எனக்கு என்ன தெரியும்? உனக்கு மறதின்னு இருந்தா... நான் கூட இருக்கேனே, பாத்துக்கலாம்னு நெனச்சேன். நல்லாவே பாத்துக்குவேன்."

"என்னைப் பாத்துக்கிறதுக்காக என்னைப் பைத்தியமாக்குனீங்களா?"

"அப்படி யோசிக்கல. சர்க்கரை டப்பால உப்பைப் போட்டுட்டு, வாய் தவறி ஒரு தடவை உன்னைச் சொன்னேன். நீ நம்பிட்டே. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல."

கல்லக்கா பிடித்திருந்த கையை விட்டாள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா மாதிரி ஆயிடுவேன்னு அன்னிக்குப் படுக்கையில அழுதேனே. நீங்க தூங்கிட்டீங்கன்னு நெனச்சு, வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். நெஜமாவே தூங்கினீங்களா?"

"தூங்கல" என்றார் அவர்.

தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதை நிறுத்தவில்லை. கல்லக்காவின் புத்தி கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. கண் டாக்டரிடம் போகவேண்டும், மெலிந்த ஸ்லைடுகளையெல்லாம் திரும்பச் செய்யவேண்டும், சதவீதத்திடம் உன் மெஷின்தான் சரி என்று சொல்லவேண்டும் என்று வரிசையாக எல்லாம் ஞாபகம் வந்தது. எதிரே நிற்கிற இந்த மனுஷனைத் தோளோடு அணைத்துக்கொள்வதா, ஒரு அறை விடுவதா என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.